பைய, பைய

மாசி மாதத்தில் கொண்டல் அடிக்காது என்று சொன்னவர்கள் எல்லாரும் அந்த வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள். கிழக்கே கடல் இருக்கும் திசையிலிருந்து மத்தியானத்துக்கு மேல் கிளம்பிய காற்று பொழுது அடையும்வரை ஓயவில்லை. அதன் பின்னாலேயே மழை வந்தது. விடிந்து பார்த்தபோது, ஸ்ரீவைகுண்டம் அணைக்குக் கீழே வடகால் வாய்க்கால் பாயும் எங்கள் வயல்வெளி முழுவதும் நெல் படுத்துக் கிடந்தது. முந்தின நாள்வரை அறுப்புக்குக் காத்து நின்ற பயிர், யாரோ ஒரு வார்த்தை சொல்லி அதற்குக் கட்டுப்பட்டதுபோல, எல்லாக் கதிரும் மேற்கே தலை வைத்து, எல்லாத் தூரும் கிழக்கே கால் நீட்டி, ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது. வெயில் வந்ததும் அந்தப் பரப்பு மின்னியது. பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது அழகாகக்கூடத் தெரிந்திருக்கும்.

ஆசியா உம்மாள் வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்து, சேற்றோடு ஒட்டிக் கிடந்த ஒரு கதிரைத் தூக்கினாள். உள்ளங்கையில் உருவி, மணி மணியாகத் தள்ளிப் பார்த்தாள். நெல்லின் மூக்கில் வெள்ளையாக ஏதாவது எட்டிப் பார்க்கிறதா என்று தேடினாள்.

"எப்படி இருக்கு மதினி?" என்று வாய்க்கால் கரையிலிருந்தே கேட்டாள் வடிவம்மாள். நடுகைக்கும் களையெடுப்புக்கும் அறுப்புக்கும் இந்த வயலில் முதலில் இறங்குகிறவள் அவள்தான்.

"இன்னும் முளை கட்டல. ஆனா ஈரத்துல கெடந்தா நம்மகிட்ட கேட்டுக்கிட்டா கட்டும்?"

"அதான் வெயிலு அடிக்கில்லா. உலந்துரும்."

"மேல உள்ளது உலரும். அடியில கெடக்குதது?"

வடிவம்மாள் வரப்புக்கு வந்து அவளும் ஒரு கதிரைத் தூக்கினாள். அடியில் கிடப்பது என்னவாகும் என்று அவளுக்கும் தெரியும்.

வயல் நாறும்பூநாதன் பிள்ளையுடையது. பாளையங்கோட்டையில் வீடு, அங்கே ஓர் அலுவலகத்தில் வேலை. வயல் பக்கம் வருவது வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவைதான். வாரத்துக்கு உழுகிறவர் ஆசியா உம்மாளின் கணவர் முகம்மது மைதீன். விளைந்ததில் பாதி பிள்ளைக்கு, பாதி இவர்களுக்கு. மைதீன் ஒரு காலத்தில் குவைத்தில் தண்ணீர் லாரியில் கிளீனராக இருந்தார். அங்கே சண்டை மூண்டபோது ஒரு கம்பளியையும் ஒரு பிளாஸ்க்கையும் மட்டும் எடுத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார்.

"குவைத்துக்குப் போயி என்னவே கொண்டாந்தீரு?" என்று டீக்கடையில் கேட்பார்கள்.

"இந்தி கொண்டாந்திருக்கேன். வேணுமா?" என்பார் மைதீன்.

எட்டு வருஷமாக அந்த இந்தியை வாங்க எங்கள் ஊரில் ஆள் இல்லை.

போன கார் சாகுபடி தண்ணீர் இல்லாமல் பாதியிலேயே கருகிவிட்டது. அப்போது பிள்ளை வந்து வரப்பில் நின்று சொல்லிவிட்டுப் போனார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் ஆசியா உம்மாளுக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

"இன்னும் ஒரு பிசானம் பாப்போம் மைதீன். நெல்லு களத்துக்கு வந்துட்டுன்னா வயலு ஒம்ம கையிலயே இருக்கட்டும். வரலைன்னா வாழைக்கு விட்டுருதேன். கேட்டு ஆளு வந்துக்கிட்டே இருக்காவ. பொறவு நீரு வருத்தப்படக் கூடாது."

பிசானம், மாசியில் அறுக்கும் அந்தப் போகம், விளைந்தது. அப்படி விளைந்து அவர்கள் பார்த்ததில்லை. கதிர் கனத்ததுதான் வினையாகப் போயிற்று. கனத்த கதிரைத்தான் காற்று முதலில் சாய்த்தது.

வடிவம்மாள் தெருத்தெருவாக ஆள் கூப்பிட்டுப் பார்த்தாள். எல்லா ஊரிலும் நெல் படுத்திருந்தது. எல்லா ஊரிலும் அதே ஆட்களைத்தான் கூப்பிட்டார்கள். நின்ற நெல்லை அறுப்பது ஒரு வேலை. படுத்த நெல்லை ஒவ்வொரு பிடியாகச் சேற்றிலிருந்து தூக்கி, உதறி, அறுப்பது மூன்று வேலை. மிச்சம் இருந்த பெண்கள் பீடி சுற்றப் போய்விட்டார்கள். கடைசியில் வடிவம்மாளோடு சேர்த்து ஐந்தாறு பேர் தேறினார்கள். இரண்டு கோட்டை விதைப்பாட்டுக்கு, மூன்று ஏக்கருக்குக் குறையாத வயலுக்கு, இது என்ன ஆள்?

"நம்ம அறுத்து முடிக்கதுக்குள்ள நாத்தா முளைச்சிரும். அப்பிடியே பறிச்சு நட்டுர வேண்டியதுதான்" என்றாள் வடிவம்மாள். யாரும் சிரிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அறுப்பு மிஷின் வந்திருக்கிறது என்ற பேச்சு வந்தது.

வாய்க்கால் கரை வழியாக அது வந்த காலையை எங்கள் ஊரில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முதலில் சத்தம்தான் வந்தது. பிறகு வாழைத்தோப்புக்கு மேலே ஒரு புகைக்குழாயும் ஒரு சிவப்புத் தகரக் கூரையும் நகர்ந்து வந்தன. கூரைக்குக் கீழே, எல்லாவற்றுக்கும் மேலே, நீல நிறத் தலைப்பாகை கட்டிய ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். தோப்பு மறைத்ததால் மிஷினின் உடம்பு தெரியவில்லை. கடல் இல்லாத ஊருக்குள், பச்சை இலைகளுக்கு மேலே, ஒரு கப்பல் தன் மாலுமியைத் தூக்கிக்கொண்டு வழி தேடி வருவதுபோல இருந்தது. டயருக்குப் பதில் இரும்புச் சங்கிலி. முன்னால் பத்துப் பேர் படுக்கும் அகலத்துக்கு ஒரு வெட்டுக்கத்தி. அதற்கு மேல் கம்பி விரல்கள் வைத்து உருளும் ஒரு பெரிய ராட்டினம்.

"ஏ ஆத்தா! சீப்பப் பாத்தியாட்டீ! பேய்ச்சிக்குத் தலை சீவுததுக்குச் செஞ்சிருக்கான்" என்றாள் ஒருத்தி.

"நம்ம சோலியத் திங்க வந்த சவம். தலை சீவுதுன்னா சொல்லுத" என்றாள் வடிவம்மாள். ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை.

மிஷினுக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் வந்தவர் பாக்கியசீலன். சாயர்புரத்துக்காரர். யார் வயலில் எப்போது மிஷின் இறங்க வேண்டும் என்று முடிவு செய்கிற ஏஜெண்ட். இடது கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் எதையும் பேசுவார்.

"மைதீன் அண்ணாச்சி, மத்தியானம் வரைக்கும் ஒங்களுக்கு. பொறவு ஆத்துக்கு அக்கரைக்குப் போயிரும். அங்கன நாலு பேரு கூப்பாடு போடுதான். டீசல் மட்டும் நீங்க கொண்டாந்திரணும்."

"மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிருமா தம்பி?"

"சுத்திச் சுத்தி விட்டான்னா ரெண்டு மணி நேரம் பத்தாது? நீங்க டீசலுக்குப் போங்க."

மைதீன் சைக்கிளில் கேனைக் கட்டிக்கொண்டு ஸ்ரீவைகுண்டத்துக்குப் போனார். போகும் முன் தலைப்பாகைக்காரரிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று நினைத்தார். மிஷின் இன்னும் கரையிலேயே உறுமிக்கொண்டு இருந்ததால், வந்து பேசிக்கொள்ளலாம் என்று போய்விட்டார்.

வயலுக்குக் கிழக்கே ரோடு, மேற்கே வாய்க்கால். மிஷின் இறங்குவதற்குக் கிழக்கில்தான் வழி இருந்தது. வடிவம்மாளும் மற்றப் பெண்களும் வரப்பை வெட்டிச் சரித்துப் பாதை செய்து கொடுத்தார்கள். ஆசியா உம்மாள் சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, "பிஸ்மில்லா" என்று ஒரு கதிரை அரிவாளால் அறுத்து மடியில் முடிந்துகொண்டாள். பாக்கியசீலன் கையை வட்டமாகச் சுழற்றி, வேகமாகப் போ என்று சைகை செய்தார். மிஷின் இறங்கியது.

கொஞ்ச தூரம் போனதுமே ஆசியா உம்மாள் குனிந்து கத்திக்குக் கீழே பார்த்தாள். ராட்டினம் நெல்லைத் தூக்கவில்லை, இன்னும் அழுத்தியது. கத்திக்குக் கீழே பாதிப் பயிர் வழுக்கிக்கொண்டு போயிற்று. அதன்மேல் சங்கிலி ஏறியது. பின்னால் வைக்கோல் பறந்தது. ஆனால் தரையில், சேற்றுக்குள் மிதிபட்டு, பொன் நிறத்தில் கதிர் கிடந்தது.

"பைய!" என்று கத்தினாள் ஆசியா உம்மாள். "பையப் போகச் சொல்லுங்க! வேகம் வேண்டாம்! பைய!"

மிஷின் சத்தத்தில் அது கேட்காது என்று வடிவம்மாளும் சேர்ந்துகொண்டாள். அவள் குரலுக்கு அக்கரைக் கொக்கு பறக்கும். "ஏ அண்ணாச்சி! பைய! பைய!" ஐந்தாறு பெண்களும் வரப்போடு ஓடிக்கொண்டே கத்தினார்கள். "பைய! பைய! பைய!"

மேலே இருந்தவர் திரும்பிப் பார்த்தார். தாடிக்குள் அவர் முகம் மலர்ந்தது. ஒரு கையைத் தூக்கி, நெடுநாள் காணாத சொந்தக்காரர்களைப் பார்த்ததுபோல அசைத்தார். மிஷின் இன்னும் வேகமாகப் போயிற்று.

"சவத்த மூதி! பையப் போங்கோம், சிரிக்கான்! கிறுக்கனா இவன்?" என்றாள் வடிவம்மாள்.

"பாக்கியசீலன் தம்பி, நிறுத்தச் சொல்லும்!"

பாக்கியசீலன் கடிகாரத்தைப் பார்த்தார். "படுத்த நெல்லு அப்பிடித்தான் யக்கா போகும். கொஞ்சம் சேதாரம் இருக்கத்தான் செய்யும்."

"கொஞ்சமா? கண்ண எங்க வச்சிருக்கீரு?"

அந்த நேரம் பார்த்துத்தான் ரோட்டில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. வெள்ளைச் சட்டை, கக்கத்தில் குடை. நாறும்பூநாதன் பிள்ளை. மழைச் சேதத்தை நேரில் பார்க்க அலுவலகத்துக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் ஏறினார். மிஷின் போன தடத்தில் குனிந்து, மண்ணுக்குள்ளிருந்து ஒரு கதிரைப் பிடுங்கினார். சேறு ஒழுகியது.

"இது அறுப்பு இல்லம்மா. உழவு" என்றார் மெதுவாக.

ஆசியா உம்மாளுக்கு அதற்கு மேல் நிற்க முடியவில்லை. அவள் வயலுக்குள் இறங்கினாள். சாய்ந்த நெல்லை மிதிக்காமல் தாண்டித் தாண்டி ஓடி, மிஷினுக்கு முன்னால் போய் நின்றாள். இரண்டு கையையும் விரித்தாள். ராட்டினம் அவளை நோக்கி உருண்டு வந்தது. வடிவம்மாள் "மதினீ!" என்று அலறினாள். கம்பி விரல்கள் ஓர் ஆள் தூரத்தில் நின்றன. பிறகு என்ஜினும் நின்றது. திடீரென்று வயல்வெளி முழுவதும் அமைதியாகி, வாய்க்காலில் தண்ணீர் போகிற சத்தம் கேட்டது.

தலைப்பாகைக்காரர் இறங்கி வந்தார். பயத்தில் அவர் முகம் வெளுத்திருந்தது. கைகூப்பி என்னவோ கேட்டார். ஆசியா உம்மாள் என்னவோ சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். புரிந்ததற்கு அடையாளமாக இல்லை, பேசிக்கொண்டே இருங்கள் என்பதுபோல. பாக்கியசீலனுக்கும் இந்தி கை ஜாடை அளவுக்குத்தான். இப்படி ஆளுக்கு ஒரு பாஷையில் மன்றாடிக்கொண்டிருந்தபோது, டீசல் கேன் ஆட ஆட, முகம்மது மைதீனின் சைக்கிள் வந்து சேர்ந்தது.

மைதீன் வயலைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். கேனை அவிழ்க்காமல் சைக்கிளை அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டு இறங்கினார். எட்டு வருஷமாகப் பேசாத இந்தியை முதல் தடவையாக வெளியே எடுத்தார். அது துருப்பிடித்திருந்தது, இரண்டு மூன்று வார்த்தைகள் தொண்டையில் சிக்கின. பிறகு தண்ணீர் லாரியின் குழாய் திறந்ததுபோல வந்தது. தலைப்பாகைக்காரரின் கண் விரிந்தது. அவரும் பேசினார். இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு பேசினார்கள். பேச்சின் நடுவில் மைதீன் சட்டென்று நிறுத்தி, பெண்களைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னங்க? வயித்தெரிச்சல்ல நிக்கேன், நீங்க சிரிக்கிய?"

"ஏளா, நீங்க என்ன சொல்லிக் கத்துனிய?"

"பையப் போகச் சொன்னோம். வேற என்ன சொல்லுவோம்?"

"இந்தியில பையான்னா அண்ணன்னு அர்த்தம். நீங்க எல்லாரும் வரப்போட ஓடிக்கிட்டு 'அண்ணே, அண்ணே'ன்னு கூப்பிட்டிருக்கிய. ஒரு மாசமா இந்தப் பக்கம் ஒருத்தரும் இவருகிட்ட ஒரு வார்த்தை பேசல. தங்கச்சிமாரு இவ்வளவு பாசமாக் கூப்பிடுதாளுவளேன்னு, வெரசா வேலையைக் காட்டிருக்காரு மனுசன்!"

வடிவம்மாள்தான் முதலில் சிரித்தாள். சிரித்துச் சிரித்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஏ அய்யா! அண்ணன் சிரிச்ச சிரிப்புக்கு இப்பம்லா அர்த்தம் வெளங்குது!" ஆசியா உம்மாள் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிள்ளைகூடக் குடையைத் தரையில் ஊன்றி அதன்மேல் சாய்ந்துகொண்டு சிரித்தார். மைதீன் சொன்னதை இந்தியில் கேட்ட குர்மேல் சிங் — அதுதான் அவர் பெயர் — நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு மைதீனிடம் இன்னும் என்னவோ சொன்னார்.

"என்ன சொல்லுதாவ?"

"பஞ்சாப்ல இவிய ஊருக்குக் கெழக்கே இருந்து அறுக்க வருத ஆளுவளத்தான் பையான்னு கூப்பிடுவாவளாம். இங்கன தூரத்துல இருந்து அறுக்க வந்தவன் நான்தானே, அதனால என்னையும் பையாங்காவ, சரியாத்தான் சொல்லுதாவன்னு நெனச்சிக்கிட்டாராம்."

சிரிப்பு அடங்கியதும் குர்மேல் சிங் மிஷின் போன தடத்தில் நடந்து பார்த்தார். மிதிபட்ட கதிரைப் பார்க்கப் பார்க்க அவர் முகம் சுருங்கியது. பாக்கியசீலனைத் திரும்பிப் பார்த்து விரலால் வட்டம் போட்டுக் காட்டி, கோபமாகப் பேசினார். சுற்றிச் சுற்றி வேகமாக ஓட்டச் சொன்னது நீதானே என்று கேட்கிறார் என்பதற்கு மைதீனின் இந்தி தேவைப்படவில்லை.

ஆசியா உம்மாள் கணவரின் கையைத் தட்டினாள். "இங்கேருங்க. அவியகிட்ட சொல்லுங்க. இது கால்மாட்டுல இருந்து போகுது. அதான் மிதிக்கி. படுத்துக் கெடக்கவள எழுப்பணும்னா தலைமாட்டுல போயில்லா கை குடுக்கணும்? கால்மாட்டுல இருந்து போனா மேல ஏறித்தான் போகணும்."

மைதீன் சொன்னார். குர்மேல் சிங் ஆசியா உம்மாளைப் பார்த்து வேகமாகத் தலையசைத்தார். குனிந்து ஒரு பிடி நெல்லைத் தலைப்பக்கத்திலிருந்து கைகொடுத்துத் தூக்கினார். அது எழுந்தது. அவருடைய அப்பாவின் வயலில் கோதுமை சாய்ந்தாலும் இப்படித்தான் என்றார். மேற்கிலிருந்து உள்ளே போய், கிழக்கே பார்த்து மட்டும் அறுக்க வேண்டும். ஒரு தடவை அறுத்ததும், அறுத்த தடத்திலேயே சும்மா பின்னால் போய், மறுபடி மேற்கிலிருந்து தொடங்க வேண்டும். பைய. இந்த ஒரு வார்த்தையை அவர் தமிழிலேயே சொன்னார்.

"அதெல்லாம் ஆவாது" என்றார் பாக்கியசீலன். "பாதி நேரம் காலி ஓட்டமில்லா ஓடும்? மத்தியானத்துக்கு அக்கரையில நிக்கலைன்னா என் சட்டையப் பிடிப்பான். அதுபோக மேற்க போவ வழி ஏது? வழி முழுக்க நெல்லுல்லா கெடக்கு. அது மேலயா ஏத்திக்கிட்டுப் போவ?"

ஆசியா உம்மாள் வடவரப்பைக் கண்ணால் அளந்தாள். கிழக்கு ரோட்டிலிருந்து மேற்கு வாய்க்கால்வரை, ஒரு மிஷின் அகலம்.

"வடிவு, அந்த வரப்போரமா ஒரு வழி மட்டும் கையால அறுத்துருவோமா?"

வடிவம்மாள் இடுப்பில் செருகியிருந்த அரிவாளை உருவினாள். "மிஷினுக்கு வழி விடுததுக்கு நான் அறுக்கணும்! நல்ல கூத்துட்டீ. கூலிக் கொத்து எங்களுக்குத் தனியா அளக்கணும், ஆமா."

"அறுத்த பாதையில உள்ளது பூரா ஒங்களுக்கே. போதுமா?"

"எறங்குங்கட்டீ!"

பிறகு நடந்ததை வேடிக்கை பார்க்க ரோட்டில் ஆள் கூடிவிட்டது. பெண்கள் வரிசையாக நின்று, தலைமாட்டுப் பக்கமிருந்து, இடது கையால் நெல்லை அள்ளித் தூக்கி வலது கையால் அறுத்தார்கள். ஆசியா உம்மாள் நடுவில். மைதீன் அறுத்த தாளை அள்ளி அள்ளி வரப்பில் போட்டார். குர்மேல் சிங்கும் ஓர் அரிவாள் கேட்டு வாங்கி இறங்கினார். நம் அரிவாள் அவர் கைக்குச் சின்னதாக இருந்தது.

"ஏ பையா, அரிவாளா அது, காதுகுடையுத குச்சியா?" என்று வடிவம்மாள் கேட்டாள். அவருக்கு 'பையா' மட்டும் புரிந்தது. சிரித்தார்.

ரோட்டில் நின்றவர்களில் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். அவரைப் பார்த்து இன்னொருவர். தங்கள் நெல் படுத்துக் கிடக்கிற கவலையோடு நின்றவர்கள்தான். மிஷின் படுத்த நெல்லை எழுப்புமா எழுப்பாதா என்று அவர்களுக்கும் தெரிய வேண்டியிருந்தது.

பாதை திறந்தது. மிஷின் வடவரப்பை ஒட்டி வாய்க்கால்வரை காலியாகப் போய், நின்று, திரும்பியது. குர்மேல் சிங் ராட்டினத்தைத் தாழ்த்தி முன்னால் தள்ளினார். கம்பி விரல்களை ஒவ்வொன்றாகச் சாய்த்துவிட்டார். ஆசியா உம்மாள் வரப்பில் நின்று உதட்டுக்குள் என்னவோ ஓதினாள். மிஷின் கிழக்கே பார்த்து, ஒரு கர்ப்பிணியின் நடையில், கிளம்பியது.

விரல்கள் நெல்லுக்கு அடியில் நுழைந்தன. சேற்றிலிருந்து கதிர்க் கொத்துகள் மெல்ல எழுந்தன, சேறு உதிர்ந்தது, ஒரு நிமிஷம் அவை காற்றுக்கு முந்தின நாள் நின்றதுபோல நிமிர்ந்து நின்றன. பிறகு கத்திக்குள் போயின. பின்னால் தரையில் அடிக்கட்டைதான் நின்றது. ஆசியா உம்மாள் தடத்தில் ஓடி ஓடிப் பார்த்தாள். இங்கே ஒன்று, அங்கே ஒன்று. விழுந்த கதிர் ஒரு கைக்குள் அடங்கியது.

"எந்திச்சிட்டு! ஏ வடிவு, எந்திச்சிட்டுட்டீ!"

ரோட்டில் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். யாரோ விசிலடித்தார்கள். எங்கிருந்தோ வந்த கொக்குகள் மிஷினுக்குப் பின்னால் வெள்ளையாக வரிசை கட்டி நடந்தன. முதல் தடவை தொட்டி நிறைந்து, குழாய் வழியாகப் படுதாவில் நெல் கொட்டியபோது, அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே மைதீன் கண்ணை மூடிக்கொண்டார்.

"வைக்கல்தான் போச்சு. இந்த வைக்கல மாடு மோந்துகூடப் பாக்காது" என்றாள் வடிவம்மாள். நல்லது எதையும் குறை சொல்லாமல் ஏற்றுக்கொள்வது அவளுக்கு வழக்கமில்லை.

பாதி வயல் முடிந்தபோது உச்சிவெயில். ஆசியா உம்மாள் வீட்டுக்கு ஓடினாள். ஆட்டுக்கறி வாங்கலாமா என்று கேட்டதற்கு மைதீன் வேண்டாம் என்றிருந்தார். குவைத்தில் தன்னோடு ஒரே அறையில் இருந்த சிங்குகள் ஹலாலாக ஓதி அறுத்த கறியைத் தொட மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். அரிசி மாவில் தேங்காய் போட்டு ஒரட்டி சுட்டாள். பருப்பைக் கடைந்து நெய் ஊற்றினாள். வேப்பமர நிழலில் வாழை இலை போட்டு வைத்தபோது, குர்மேல் சிங் ஒரட்டியைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். ஒரு மாதமாகச் சோறு, சோறு, சோறு. ரொட்டி மாதிரி வட்டமான ஒன்றைப் பார்த்து எவ்வளவோ நாளாயிற்று என்றார். பிய்த்து வாயில் போட்டவர், அடுத்ததற்குக் கை நீட்டினார்.

பாக்கியசீலன் பேசினார். "அண்ணாச்சி, சாப்புட்டு எந்திச்சதும் கெளம்பிரணும். மத்தியானம்னுதான் பேச்சு. மிச்சத்த நாளக்கழிச்சு வந்து பாப்போம்."

"நாளக்கழிச்சா? அதுக்குள்ள முளைச்சிருமே தம்பி" என்றாள் ஆசியா உம்மாள். "பாதிய அறுத்துட்டுப் பாதியப் போட்டுட்டுப் போனா, வயலு வாழைக்குப் போயிரும். பிள்ளைவாள் இங்கனதான் இருக்காவ, கேட்டுக்கிடும்."

நாறும்பூநாதன் பிள்ளை இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அவர் அப்படிச் சொன்னது நிஜம்தான். ஆனால் நெய் மணக்கிற நிழலில், இத்தனை பேருக்கு நடுவில் அதைக் கேட்கும்போது வேறு மாதிரி இருந்தது.

என்ன தகராறு என்று குர்மேல் சிங் மைதீனிடம் கேட்டார். மைதீன் சொன்னார். சிங் கையைக் கழுவி, தாடியைத் துடைத்துக்கொண்டு, பாக்கியசீலனைப் பார்த்துச் சில வார்த்தைகள் பேசினார். சத்தம் போடவில்லை. பேசிவிட்டு எழுந்து மிஷினை நோக்கி நடந்தார்.

"என்ன? என்ன சொல்லிட்டுப் போறாவ?" என்று எல்லாரும் மைதீனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

மைதீன் சொன்னார். "காலையில இருந்து இவிய என்னைய அண்ணேன்னு கூப்பிட்டாவ. தப்பாக் கூப்பிட்டாவளோ சரியாக் கூப்பிட்டாவளோ, நான் திரும்பிப் பாத்துட்டேன். பாத்த பொறவு பாதியில போவ மாட்டேன். அப்பிடிங்காரு."

பாக்கியசீலன் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு முதல் தடவையாக, அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். "சரி, நான் அக்கரைக்குப் போயி அவனுவகிட்ட அடி வாங்கிட்டு வாரேன். ரெண்டு ஒரட்டி கட்டித் தாங்கக்கா. தெம்பா வாங்கலாம்."

மத்தியானத்துக்கு மேல் கீழ்வானத்தில் மேகம் கூடியது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். மிஷின் வேகத்தைக் கூட்டவில்லை. கிழக்கே போய், பின்னால் வந்து, மறுபடி கிழக்கே. காலையில் மிதித்துப் போட்ட தடத்தில் மட்டும் பெண்கள் இறங்கி, மண்ணிலிருந்து கதிரைப் பொறுக்கி, வாய்க்காலில் அலசி எடுத்தார்கள். பிள்ளை வெள்ளைச் சட்டையின் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, படுதாவில் விரிந்த நெல்லைக் கிளறிவிட்டார். ஈரம் ஏறாமல் கிளற வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பாளையங்கோட்டைக்குப் போவதற்கு முன் அவரும் இந்த மண்ணில் வளர்ந்தவர்தான்.

தென்வரப்பு ஓரத்தில் கடைசித் தடம் மிச்சமிருந்தபோது எல்லாரும் வந்து வரிசையாக நின்றார்கள். கடைசிக் கதிர்கள் சேற்றிலிருந்து எழுந்து, நிமிர்ந்து, உள்ளே போயின. வயல் மொட்டையாகி, ரோட்டிலிருந்து வாய்க்கால்வரை ஒரே வெளியாக, பெரிதாகத் தெரிந்தது. வடிவம்மாள் குலவையிட்டாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்தச் சத்தத்துக்குக் கொக்குகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பி, படுதாவில் மலையாகக் குவிந்திருந்த நெல்லுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போயின. மழை வந்தது, ஆனால் நாலு தூறலோடு தாண்டிப் போய்விட்டது. அதற்குள் நெல்மேல் இன்னொரு படுதா விழுந்திருந்தது.

நாறும்பூநாதன் பிள்ளை படுதாவின் ஓரத்தைத் தூக்கி, ஒரு நெல்லை எடுத்துப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்தார். டக்கென்று உடைந்தது. அவர் ஸ்கூட்டரை நோக்கி நடந்துவிட்டு, ஏதோ மறந்ததுபோலத் திரும்பினார்.

"மைதீன், கார் சாகுபடிக்கு நாத்து எப்பம் பாவப் போறீரு?"

முகம்மது மைதீன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். ஆசியா உம்மாள்தான் சொன்னாள். "அணையில தண்ணி தெறந்த அன்னைக்கே பாவிருவோம் அண்ணாச்சி."

"சரி. எனக்குச் சொல்லி அனுப்புங்க. வாரேன்."

மிஷின் ரோட்டில் ஏறியது. பகல் முழுவதும் மழை ஈரம் காயாத வாய்க்கால் கரை வழியாக அது போக வேண்டும். குர்மேல் சிங் மேலே ஏறி உட்கார்ந்தார். அவர் காலடியில், துணியில் கட்டிய ஒரட்டிப் பொட்டலம். தலைப்பாகையின் நீலத்தில் உமி படிந்து அது பொன் நிறமாகியிருந்தது. மைதீனிடம் அவர் கடைசியாக ஏதோ சொன்னார், மைதீன் பதில் சொன்னார், இருவரும் சிரித்தார்கள். இந்தத் தடவை அதை யாரும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

வாழைத்தோப்பின் திருப்பத்தில் கரை சரிந்திருந்தது ஆசியா உம்மாளுக்கு ஞாபகம் வந்தது. அவள் வரப்பில் ஏறி, வாயருகே கையைக் குவித்துக்கொண்டு, வடிவம்மாளுக்குக் குறையாத குரலில் கத்தினாள்.

"பைய! பைய!"

இலைகளுக்கு மேலே நீலத் தலைப்பாகை திரும்பியது. குர்மேல் சிங் கையைத் தூக்கி அசைத்தார். வேகத்தையும் குறைத்தார்.